உத்தனப்பள்ளியில் எத்தனை பேர்?

பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க லண்டனுக்கும் டப்ளினுக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள் நம் பிள்ளைகள். அந்தப் படிப்பின் கடினமான கேள்விகளோ ஓசூர் – இராயக்கோட்டை சாலையில் கிடக்கின்றன.

அந்தச் சாலையிலுள்ள உத்தனப்பள்ளியில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கேட்டால், அரசிடம் இருக்கும் கடைசி முழுக் கணக்கு 2011-ஆம் ஆண்டுடையது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். இடையில் ஓடிய ஆண்டுகளில் இந்த வட்டாரம் வேறு ஊராகிவிட்டது. 2020-இல் தொடங்கப்பட்ட டாடா எலக்ட்ரானிக்ஸ், பக்கத்து நாகமங்கலத்தையொட்டி ஐபோன் பாகங்கள் செய்யும் பெரிய ஆலையை எழுப்பியது. இன்னொரு சிப்காட் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 2023 தொடக்கத்தில் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தக்காளி லாரிகள் போன சாலையில் இப்போது ஷிப்ட் நேரத்துக்குக் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன.

பரம்பரையாகக் கேழ்வரகு விதைத்தவர், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் வெளிமாவட்டப் பெண், ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், விடியற்காலையில் பெங்களூருக்குப் பஸ் ஏறி இரவு திரும்பும் இளைஞர். இவர்களில் யார் உத்தனப்பள்ளிக்காரர்? ரேஷன் கடைக்கு ஒரு விடை, வாக்காளர் பட்டியலுக்கு ஒரு விடை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டுக்கு இன்னொரு விடை.

மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த், சுருக்கமாக எம்.பி.எச்., என்ற படிப்பில் சேருபவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது இந்தச் சங்கடத்தைத்தான். டெங்கு நாற்பது பேருக்கு வந்தது என்பது செய்தி. எத்தனை பேரில் நாற்பது என்று கேட்டால்தான் அது சுகாதாரத் தகவல். பின்னத்தில் மேலே உள்ள எண்ணை ஆஸ்பத்திரி தந்துவிடும். கீழே உள்ள எண்ணுக்கு ஊருக்குள் போக வேண்டும். நோயாளியைப் பார்ப்பது மருத்துவம்; நோயாளியாக வராதவரையும் சேர்த்துப் பார்ப்பது பொது சுகாதாரம். இரண்டு ஆண்டுப் படிப்பில் வரும் தொற்றுநோயியல், உயிர்ப் புள்ளியியல், சுற்றுச்சூழல் நலம், சுகாதார நிர்வாகம் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கீழெண்ணைத் தேடும் வேலை.

பட்டம் வந்த வழி

இந்தப் படிப்பின் பின்னால் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணம் இருக்கிறது. 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத்துக்கென்று தனிப் பள்ளி தொடங்க நிதி தந்தது அந்த அறக்கட்டளை. 1932-இல் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொது நல நிறுவனம் எழுந்ததும் அதே உதவியில். மருத்துவக் கல்லூரிக்கு வெளியே, மருத்துவமனைக் கட்டிலுக்கு அப்பால், ஒரு மாவட்டம் முழுவதையும் நோயாளியாகப் பாவிக்கும் ஆட்களை உருவாக்குவது நோக்கம். 1946-இல் போர் (Bhore) குழு அறிக்கை ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் மூன்று மாதம் தடுப்பு மருத்துவமும் சமூக மருத்துவமும் கற்பிக்கச் சொன்னது. கற்பிக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். மாணவரிடம் எந்தப் பாடம் அலுப்பு என்று கேட்டால் ‘எஸ்.பி.எம்.’ என்று இந்தச் சமூக, தடுப்பு மருத்துவப் பாடத்தைத்தான் முதலில் சொல்வார். அந்த அலுப்பில் பாடத்தைவிட அதை நடத்தும் விதத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

இப்போதைய வடிவிலான எம்.பி.எச். இந்தியாவில் 1997-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் தொடங்கியது. சென்னையில் 1999-இல் அமைந்த தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு வகுப்பும் களமும் மாறிமாறி வரும் பயிற்சியாக இதை வளர்த்தது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், தனியார் பல்கலைக்கழகங்கள் என்று இன்று இடங்கள் பல. பல இடங்களில் மருத்துவம் படிக்காதவர்களும் சேரலாம். பல் மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், நுண்ணுயிரியல் பட்டதாரி, சமூகப்பணி படித்தவர் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருவது இந்தப் படிப்பின் அழகு. வேலை தேடும்போது அதுவே சிக்கலாகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. மருத்துவமனைகளுக்கு ஓர் இயக்ககம், நோய் வராமல் காப்பதற்கு வேறோர் இயக்ககம் என்று தனித்தனியாக வைத்து, பின்னதற்குத் தனி நிதியும் தனிப் பணியாளர் வரிசையும் காப்பாற்றிய மாநிலங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. நம் பொது சுகாதார இயக்ககம் நூறாண்டைக் கடந்தது. ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரத்தைக் கவனித்த காலத்தில், 1939-இல், சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே முதலாவது. 2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் கொள்ளைநோய் பரவாமல் போனதற்கு இந்தத் தனி அமைப்பு ஒரு காரணம் என்று மோனிகா தாஸ் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். உலகின் பல எம்.பி.எச். வகுப்புகளில் தமிழ்நாடு ஒரு பாடம். தமிழ்நாட்டில் எம்.பி.எச். படித்தவருக்கு இந்த வரிசையில் இடம் உண்டா என்பது வேறு கேள்வி.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில், உத்தனப்பள்ளி இருக்கும் இதே ஓசூர் வட்டாரத்தில். பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் கிடப்பவருக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் கருவியோடு வீடு வீடாகப் போய் அளவெடுக்கிறார்கள். 2024-இல் ஐ.நா.வின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது கொடுத்தது.

இதை ஒரு தேர்வுக் கேள்வியாக மாற்றிப் பார்க்கலாம்: திட்டம் வெற்றியா?

பயனாளிகள் ஒரு கோடியைத் தாண்டினார்கள், பிறகு இரண்டு கோடியைத் தாண்டினார்கள் என்று அரசு விழா எடுத்தது. அவை மேலே நிற்கும் எண்கள். எம்.பி.எச். மாணவர் தேட வேண்டியது வேறு. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம், 17.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. இதுவே கவலைக்குரியது. அதைவிட உறைக்கும் எண் அடுத்தது: இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதத்தினருக்கு மட்டுமே, நீரிழிவில் 10.8. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு நோய் இருக்கிறது என்றே தெரியாது, அல்லது தெரிந்தும் மாத்திரை இல்லை, அல்லது மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. முதலாவதற்கு வீடு தேடிப் போக வேண்டும். இரண்டாவதற்கு மருந்துக் கிடங்கு நிறைந்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும். எத்தனை முறை வந்தாலும் பழைய சீட்டையே எழுதித் தருவதை நிறுத்த வேண்டும்.

2023–24-இல் மறுபடி கணக்கெடுத்தபோது கட்டுப்பாடு முறையே 17 சதவீதத்துக்கும் 16.7 சதவீதத்துக்கும் உயர்ந்திருந்தது. நல்ல ஏற்றம். ஆனால் இந்த ஏற்றம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதலாமா? முதல் கணக்கெடுப்பு கொரோனா ஆண்டில் நடந்தது. இடைக்காலத்தில் தனியார் மருந்துக் கடைகளும் பெருகின, விழிப்புணர்வும் வளர்ந்தது. திட்டம் போகாத ஒரு மாவட்டம் இருந்திருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். மாநிலம் முழுக்கப் போய்விட்டது. முன்னும் பின்னும் மட்டும் பார்த்து முடிவு சொல்லாதே என்பது புள்ளியியல் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம். அதைச் சொல்பவரை ஆளுங்கட்சிக்கும் பிடிக்காது, எதிர்க்கட்சிக்கும் பிடிக்காது. ஏற்றத்தை மறுக்கவும் மாட்டார், முழுப் பாராட்டையும் தரவும் மாட்டார். இந்தப் பட்டத்தின் தொழில்நோய் அது.

உத்தனப்பள்ளிக்கு இதைக் கொண்டுவருவோம். தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டுகிறார். யார் வீட்டில் இருப்பார்? வயதானவர்கள், வேலைக்குப் போகாத பெண்கள். முப்பத்தைந்து வயதில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவர் எழுந்து வர மாட்டார். பெங்களூருக்குப் போனவர் இருக்கவே மாட்டார். ஆக, பக்கவாதம் வந்து குடும்பத்தைக் கவிழ்க்கக்கூடிய வயதினர் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள். இதை உணர்ந்துதான் 2024 தொடக்கத்தில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று பணியிடத்துக்கே பரிசோதனையைக் கொண்டுபோனது அரசு. நல்ல யோசனை. ஆனாலும் ஆலை வாசலில் பரிசோதித்து உயர் அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி மூன்று மாதத்தில் வேறு ஏஜென்சிக்கு மாறிப்போனால், அவருடைய அடுத்த மாத மாத்திரை யார் பொறுப்பு? இதைத் துரத்திப் பார்த்து எழுதினால் ஒரு முதுநிலை ஆய்வேடு தாராளமாகத் தேறும்.

இருமிய நோயாளியும் இருமல் மருந்தும்

வீடு தேடிச் சிகிச்சை தருவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியபோது, காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதே உலக வழக்கம். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ மிகக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கின. ஒரு பிரிவு சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு. மறு பிரிவு நெரிசலான வீடுகளில் குறைந்த சாப்பாட்டோடு. மருந்து இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் உடனிருந்தவர்களுக்குக் கூடுதல் தொற்றும் இல்லை. 1959-இல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதைவிட எனக்குப் பிடித்தது எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்று. 1959-இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் அமைந்தது. அங்கே இருந்த தேபபர் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்து கிராமங்களில், சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்-ரேயிலும் காசநோய் தெரிந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். கிராமத்தாருக்கு அறியாமை, அறிகுறி தெரியாது, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள் என்பது அன்றைய அதிகாரிகளின் நம்பிக்கை. 1963-இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. பெரும்பாலோருக்கு அறிகுறி தெரிந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவ நிலையங்களுக்கு ஏற்கெனவே போயிருந்தார்கள். அங்கே இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குறை மக்களிடம் இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ‘மக்களிடையே விழிப்புணர்வு இல்லை’ என்று ஆய்வேட்டை முடிக்கத் துடிக்கும் ஒவ்வொரு மாணவரும் முதலில் படிக்க வேண்டிய கட்டுரை இது.

இந்த மரபின் அண்மைக் கண்ணி, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வடிவமைத்தது. புதிதாகக் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் உயரம், எடை, மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, காலில் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிகவும் நலிந்தவர் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார். ஸ்கேனும் வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். காசநோய் இறப்புகள் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் நேர்கின்றன என்று கணக்கில் பார்த்ததால் பிறந்த யோசனை.

ஆலையில் நோயாளியே இல்லை

தொழிற்பேட்டையில் ஆய்வு செய்யப் போகும் மாணவருக்கு முதலில் ஒரு பொறி காத்திருக்கிறது. ஆலைக்குள் போய் ஆயிரம் பேரைப் பரிசோதித்தால், வெளியே இருக்கும் ஆயிரம் பேரைவிட அவர்கள் நலமாக இருப்பார்கள். ஆலை உடம்புக்கு நல்லது என்று பொருளா? நோயுற்றவரை வேலைக்கு எடுப்பதில்லை. எடுத்தபின் நோயுற்றவர் நின்றுவிடுகிறார். முதுகுவலியோடும், தீராத இருமலோடும், கருச்சிதைவோடும் அவர் ஊர் திரும்பிவிடுகிறார். மிஞ்சியவர்களைத்தான் மாணவர் எண்ணுகிறார். தொற்றுநோயியல் பாடநூல்கள் இதை ‘நலமான தொழிலாளர் விளைவு’ என்று சொல்லும். இருபது வயதுப் பெண்களை இரண்டு மூன்று ஆண்டு வேலைக்கு எடுக்கும் மின்னணு ஆலைகளில் இது இன்னும் கூர்மை. இரவு ஷிப்டைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது, 2019-இல் உறுதிசெய்தது. அப்படிப்பட்ட பாதிப்பு வெளியே தெரிய இருபது ஆண்டு ஆகும். அப்போது அந்தப் பெண் எங்கே இருப்பார், யார் கேட்பார்கள், அவர் எந்த வரிசையில் என்ன கரைப்பானைத் துடைத்தார் என்ற பதிவு எங்கே இருக்கும்?

2024 செப்டம்பர் 28 அன்று நாகமங்கலத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. ரசாயனம் இருந்த பகுதியில் எழுந்த கரும்புகை வெகுதூரம் தெரிந்தது. மூச்சுத்திணறல் ஏற்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தொலைக்காட்சிக்கு அது ஒரு நாள் செய்தி. பொது சுகாதாரம் படித்தவர் மறுநாள் காலையில் தொடங்குவார்: அன்று எந்த ஷிப்டில் யார் யார், எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரம், காற்று எந்தத் திசையில் வீசியது, கிராமத்தில் யாருக்குக் கண் எரிந்தது. பெயர்ப் பட்டியல் போட்டு ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து மறுபடி பார்ப்பார். போபால் விஷவாயு விபத்து நமக்குக் கற்பித்தது அதைத்தான். அதன் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான ஆலைகள் தம் ரசாயனங்களைப் பற்றித் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும், மருத்துவப் பதிவேடு வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். எழுதியதைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

ஹாஸ்டல் இன்னொரு உலகம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றித் தோழிகளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். ஒரு வயிற்றுப்போக்கு எப்படி தேசிய நெடுஞ்சாலையை நிறுத்துகிறது என்பது சுகாதாரத் தொடர்பியல் வகுப்பில் நடத்தத்தக்க பாடம்.

இப்படியொரு இடத்துக்குத் துப்பறியப் போகும் மாணவர் முதலில் ‘நோயாளி’ என்றால் யார் என்று வரையறுப்பார்: எந்த நேரத்துக்குப் பிறகு எத்தனை முறை வயிறு போனவர், வாந்தி எடுத்தவர். பிறகு ஒவ்வொருவரும் முந்தின இரவு என்ன சாப்பிட்டார் என்று கேட்பார். அனுபவம் இல்லாதவர் இத்தோடு நிறுத்திவிடுவார். சாம்பார் எல்லோருமே சாப்பிட்டார்கள், ஆகவே சாம்பார்தான் காரணம் என்று எழுதுவார். பயிற்சி பெற்றவர் நோய் வராதவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்பார். அவர்களும் சாம்பார் சாப்பிட்டிருந்தால் சாம்பார் விடுதலை. கேள்வித்தாள் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா தெரிந்தவர் உடன் வேண்டும். வார்டன் பக்கத்தில் நிற்கும்போது வரும் பதிலுக்கு மதிப்பு இல்லை. மனிதவள அதிகாரி தேர்ந்தெடுத்து அனுப்பும் பத்துப் பேரின் பதிலுக்கும் அப்படியே. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது எளிது. வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் வாங்குவதுதான் ஆய்வறம்.

ஜுஜுவாடிக்கு அப்பால்

2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. சில நாள்தான். மே முதல் வாரத்தில் இங்கும் தொற்று பதிவானது. பெங்களூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மாவட்டம் இவ்வளவு நாள் சுத்தமாக இருந்ததா, யாரும் அகப்படவில்லையா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நோய் இல்லை என்பதும் நோய் தெரியவில்லை என்பதும் அட்டவணையில் ஒரே பூஜ்யமாகத்தான் தெரியும்.

ஜுஜுவாடி மாநில எல்லையில் பதிவேடுகள் இரண்டாகின்றன. கர்ப்பிணி தமிழ்நாட்டில் ‘பிக்மி’ என்ற கர்ப்பப் பதிவு எண்ணோடு இருப்பார், பிரசவம் பெங்களூரில் நடக்கும். கர்நாடகத்தின் தாய் அட்டை வேறு. குழந்தையின் தடுப்பூசி எந்த மாநிலத்துக் கணக்கில் சேரும்? எதிர்ப்பக்கமாக, பீகார்க் குடும்பத்துக் குழந்தை இரண்டு முறை எண்ணப்படலாம், ஒரு முறைகூட எண்ணப்படாமலும் போகலாம். காசநோய்க்கு நாடு முழுவதற்கும் ஒரே ‘நிக்சய்’ இணையப் பதிவு இருப்பதால் ஆளை மாற்றிவிட முடிகிறது. மாற்றப்பட்டவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாரா என்பதற்கு யாராவது போன் போட வேண்டும். அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் பதினெட்டு நிறையாத பெண்ணை எல்லை தாண்டி மணமுடித்து அனுப்பும்போது, அந்தப் பெண்ணின் முதல் கர்ப்பம் நம் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. இளவயதுக் கர்ப்பம் குறைந்துவிட்டதாக ஒரு விளக்கப்படம் காட்டினால், அது நல்ல செய்தியா, எல்லைக் கோட்டின் விளைவா என்று பார்த்துத்தான் கைதட்ட வேண்டும்.

இந்த மாவட்டம் நல்ல முன்னுதாரணமும் தந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு, பற்களில் பழுப்புக் கறை, வளைந்த எலும்புகள் என்று பல ஆண்டு பதிவுகள் சேர்ந்த பிறகே, தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்குமான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில், 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கினார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. பல்லைப் பார்த்து, தண்ணீரை அளந்து, குழாயில் முடிந்தது.

படித்தவர் எங்கே உட்காருவார்?

இப்போது வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாவட்ட சுகாதார அலுவலர் ஆக, முதலில் எம்.பி.பி.எஸ்., அதன்மேல் பொது சுகாதாரப் பட்டயம் அல்லது சமூக மருத்துவ எம்.டி. வேண்டும். மாநகராட்சி நல அலுவலருக்கும் அப்படியே. பி.டி.எஸ். முடித்து எம்.பி.எச். வாங்கியவருக்கோ, செவிலியம் படித்து எம்.பி.எச். வாங்கியவருக்கோ அந்த ஏணியில் படி இல்லை. மாவட்டத் திட்ட அலகுகளில் ஒப்பந்த வேலை, தொண்டு நிறுவனத் திட்டங்கள், ஆராய்ச்சி நிறுவனங்களில் திட்டம் முடியும்வரை சம்பளம், மருத்துவமனை நிர்வாகம், மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு: கிடைப்பவை இவை. 2025-இல் அமெரிக்க உதவி முகமையான யு.எஸ்.எய்டு மூடப்பட்டபோது காசநோய், எச்.ஐ.வி. திட்டங்களில் இருந்தவர்கள் இத்தகைய வேலைகளின் நிலையாமையை உணர்ந்தார்கள்.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை ஒவ்வொரு மாநிலத்திலும் பொது சுகாதார மேலாண்மைப் பணிப்பிரிவு வேண்டும், அதில் சமூகவியல், பொருளாதாரம், செவிலியம் படித்தவர்களும் வரலாம் என்று எழுதியது. 2022-இல் மத்திய அமைச்சகம் வழிகாட்டியும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவர்களின் வரிசை வலுவானது. அந்த வலுவுக்கு நியாயமும் உண்டு, சாதனையும் உண்டு. ஆனால் வட்டார மருத்துவ அலுவலர் புறநோயாளிகளைப் பார்த்து, கூட்டத்துக்குப் போய், இணையத்தில் எண்களை ஏற்றி முடிக்கும்போது இருட்டிவிடுகிறது. அந்த எண்களைத் திருப்பிப் பார்க்க வட்டாரத்துக்கு ஒருவர், மருத்துவராக இல்லாவிட்டாலும், வேண்டும். தொழிற்பேட்டை வட்டாரங்களிலாவது முதலில் நியமித்துப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு ஓர் ஆலைக்குக் கொடுக்கும் சலுகையின் ஓரத்தில் காணாமல் போகக்கூடிய தொகை.

வெளிநாட்டுப் படிப்பைக் குறை சொல்லவில்லை. லண்டனிலோ பால்டிமோரிலோ கிடைக்கும் ஆசிரியரும் நூலகமும் இங்கே எளிதில் கிடைக்காது. பிரிட்டனில் ஓராண்டில் முடிந்துவிடுகிறது என்பதும் ஈர்ப்பு. அந்த ஓராண்டில் பல இடங்களில் ஆய்வேடு, ஏற்கெனவே யாரோ சேகரித்த தரவின்மீதுதான் எழுதப்படுகிறது. கேள்வித்தாளோடு மழையில் நின்று பதில் வாங்கிய அனுபவம் இல்லாமலே பட்டம் கைக்கு வந்துவிடும். பெற்றோர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும். படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேடும் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஏஜென்ட் சொல்வது சென்ற ஆண்டின் விதியாக இருக்கலாம்.

இந்தியாவிலேயே சேர்வதென்றாலும் கவனம் வேண்டும். எம்.டி.யும் பட்டயமும் மருத்துவ ஆணையத்தின் கண்காணிப்பில் இருப்பவை. எம்.பி.எச். பெரும்பாலும் அப்படியல்ல. மத்திய அமைச்சகம் மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டிருந்தாலும் தரம் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அந்த நிறுவனம் தன் பொறுப்பில் ஒரு வட்டாரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். வேலூர் சி.எம்.சி.க்குக் கே.வி. குப்பத்தில் 1977 முதல் ‘ருசா’ என்ற கிராமப்புறச் சுகாதாரப் பிரிவு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வீடுகளைப் பின்தொடர்ந்த பதிவுகள் இருக்கின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு சமூக மருத்துவத் துறை உண்டு. ஓசூர் சிப்காட்டையும் உத்தனப்பள்ளிச் சாலையையும் தன் களமாக எடுத்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் எது?

இன்னொரு சோதனை எளிது. சேரப்போகும் துறைக்கு நேரில் போய், கடந்த ஐந்தாண்டு ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியலைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேட்கலாம், அது இரகசியம் அல்ல. பட்டியலில் பாதிக்கு மேல் ‘எங்கள் கல்லூரி மாணவர்களின் அறிவு, மனப்பாங்கு, நடைமுறை’ என்றிருந்தால், மாணவர்கள் வளாகத்தின் கேட்டைத் தாண்டவில்லை என்று பொருள். கல்விக் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். ஊர்ப் பெயர்கள் இருந்தால், அதிலும் மதிப்பீட்டில் திட்டம் வேலை செய்யவில்லை என்று துணிந்து எழுதிய ஓர் ஆய்வேடாவது இருந்தால், அன்றே விண்ணப்பப் படிவத்தை வாங்கிவிடலாம். அந்த ஆய்வேட்டை எழுதியவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்பதையும் அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.